வாத்து கேமுக்கு 38,000 ரூபாய் கட்டிய கதை

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் கேம் டெவலப்மென்ட் படிக்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும்.

எனக்கு ஊர் பாபநாசம் பக்கம். இங்கே அறுப்பு முடிந்ததும் வாத்துக்காரர்கள் மந்தையை ஓட்டி வந்து வயலில் மேய விடுவார்கள். கையில் ஒரு நீளக் கம்பு, முன்னால் ஐந்நூறு வாத்து. வாய்க்கால், மதகு, தெருநாய், இன்னும் அறுக்காத பக்கத்து வயல் எல்லாவற்றையும் தாண்டி மந்தை குலையாமல் ஓட்டிப் போகணும். இதை போனில் விளையாடும் கேமாகச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. புரோகிராமிங் மட்டும் தெரியாது.

தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையத்தில் கேட்டேன். "மூணு மாசம் தம்பி, உங்க கேம் பிளே ஸ்டோர்ல இருக்கும், விளம்பர வருமானம் உங்களுக்கு" என்றார் அங்கிருந்தவர். 38,000 ரூபாய். குறுவை நெல்லை டி.பி.சி.யில் (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) போட்டு வந்த பணத்தில் அப்பா எடுத்துக் கொடுத்தார். ரசீதில் 'கணினிப் பயிற்சிக் கட்டணம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அப்போதே கேட்டிருக்கணும்.

முதல் இரண்டு வாரம் சி ஷார்ப் என்ற புரோகிராமிங் மொழி நடத்தினார்கள், பரவாயில்லை. அப்புறம் யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு புராஜெக்டைத் திறந்து கொடுத்து, "படத்தை மட்டும் மாத்துங்க" என்றார்கள். தெருவில் ஒருவன் ஓடிக்கொண்டே இருக்கும் கேம் அது. அவனை எடுத்துவிட்டு வாத்தை வைத்தோம். தெருவுக்கு மேல் வயல் படத்தை ஒட்டினோம். என் வாத்து இரண்டு காலில் மனிதனைப் போல ஓடியது. வழியில் இடிக்கக்கூடாத தடையாக மஞ்சள் டாக்சியும், அமெரிக்கத் தெருக்களில் நிற்கும் சிவப்புத் தீயணைப்புக் குழாயும் அப்படியே இருந்தன. நடவு வயலில் டாக்சி எதற்கு சார் என்று கேட்டால், "அதுல கைவெச்சா எரர் வரும்" என்றார் சொல்லிக்கொடுத்தவர்.

ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஃபோல்டரைத் துழாவினேன். உள்ளே 'டெமோ' என்று ஒரு சீன் இருந்தது. திறந்தால் அதே தெரு, அதே டாக்சி. யூனிட்டியின் அசெட் ஸ்டோரில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய ரெடிமேட் டெம்ப்ளேட். எனக்கு முன் படித்தவருக்கு அதிலேயே ஜல்லிக்கட்டுக் காளை ஓடியிருக்கிறது.

இதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. புது அக்கவுன்டில் போட ரொம்ப அலைச்சல் என்று சொல்லி, கேமைத் தங்கள் அக்கவுன்டில் ஏற்றினார்கள். டெவலப்பர் பெயரும் அவர்களுடையது, விளம்பரக் காசும் அவர்களுக்கு. புராஜெக்ட் ஃபைலைக் கேட்டேன், தரவில்லை. என் பெயருக்கு மாற்றித் தர இன்னும் 12,000 என்றார்கள். நான் யோசித்துக்கொண்டிருந்த மாதத்திலேயே கேம் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போனது. பெயரை மட்டும் மாற்றி ஒரே ஆப்பைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் கூகுள் விதிப்படி அது ஸ்பாம். இது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

பிறகுதான் விசாரித்தேன். யூனிட்டியின் பர்சனல் பதிப்பு இலவசம். ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை காசு கேட்பதில்லை. கோடாட் என்ற இன்னொரு கேம் மென்பொருள் முழுக்க இலவசம், இன்ஸ்டால் பண்ணவே வேண்டாம், இறக்கித் திறந்தால் போதும். படம் வரைய பிளெண்டரும் அப்படித்தான். பிளே ஸ்டோர் அக்கவுன்டுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் போட கேம் ஒன்றுக்கு 100 டாலர். இட்ச் (itch.io) தளத்தில் அதுவும் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றால் தாராளமாகக் கட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அக்கவுன்ட், புராஜெக்ட் ஃபோல்டர், கையொப்பச் சாவி ஃபைல் (ஆப்பை ஏற்றவும் அப்டேட் செய்யவும் தேவையானது) மூன்றும் உங்கள் கையில் இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்தேன். சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் மையத்துக்காரர்கள் பேசியதை எல்லாம் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அவர்கள் சொன்ன அலைச்சல் மட்டும் உண்மைதான். பிளே ஸ்டோரில் புதுத் தனிநபர் அக்கவுன்ட் என்றால், ஆப்பை வெளியிடும் முன் 12 பேர் 14 நாள் தொடர்ந்து டெஸ்டராக இருக்க வேண்டும். இப்போது கோடாட்டில் நானே ஒரு சின்ன வாத்து கேம் செய்திருக்கிறேன். டாக்சி இல்லை, ஒரு மதகு, ஒரு நாய், முப்பது வாத்து. டீக்கடையில் ஆள் பிடித்து சரியாக 12 பேரைச் சேர்த்தேன். ஒன்பதாம் நாள், போனில் இடமில்லை என்று சித்தப்பா பையன் டெஸ்டிங்கிலிருந்து விலகிவிட்டான். மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை 15 பேர்.