கிராஷுக்குப் பின் விண்டோஸைச் சரிசெய்ய: எஸ்எஃப்சியா, டிஸ்மா, ரிப்பேர் இன்ஸ்டாலா?

கிராஷ் ஆன கணினி எப்படியோ திரும்ப ஆன் ஆகிவிட்டது. ஆனால் ஸ்டார்ட் மெனு திறக்க மறுக்கிறது, செட்டிங்ஸ் தொட்டதும் மூடிக்கொள்கிறது, அப்டேட் பாதியில் நிற்கிறது. சிஸ்டம் ஃபைல்கள் கெட்டிருக்கலாம் என்று சந்தேகப்பட இது போதும். யாரைக் கேட்டாலும் "எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டு" என்பார்கள். கெட்ட சிஸ்டம் ஃபைல்களைத் தேடிச் சரிசெய்யும் விண்டோஸ் கட்டளை அது. ஓட்டிப் பார்த்துச் சரியாகாவிட்டால் பலரும் அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். அதில் பலன் ஏன் குறைவு என்று தெரிந்துகொண்டால், எந்த வழியை எப்போது எடுப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

எந்த வழியில் போனாலும் முதலில் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். சாகப்போகிற டிஸ்க்கில் எத்தனை முறை ஃபைல்களைச் சரிசெய்தாலும் மறுபடி கெடும். ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவைக் காட்டும் ஏதாவது ஒரு கருவியில் எச்சரிக்கை வந்தால், மற்ற வேலையை நிறுத்திவிட்டு முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பைச் சரிசெய்யும். கெட்டுப்போன ஒரு டிஎல்எல் ஃபைலின் (புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் ஃபைல்) உள்ளடக்கத்தை மீட்டுத் தராது. 'ஆர்' சேர்த்து ஓட்டினால் டிஸ்க் முழுவதையும் படிக்கும் என்பதால், பலவீனமான டிஸ்க்கில் பேக்கப் எடுக்காமல் அதைத் தொட வேண்டாம்.

இப்போது எஸ்எஃப்சி. விண்டோஸ் பாதுகாக்கும் சிஸ்டம் ஃபைல்கள் ஒவ்வொன்றையும் சோதித்து, கெட்டதைத் தூக்கிவிட்டு நல்ல நகலை வைப்பதுதான் அதன் வேலை. அந்த நல்ல நகல் பெரும்பாலும் வருவது உங்கள் கணினியிலேயே, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற சேமிப்பிலிருந்து. கிராஷில் அந்தச் சேமிப்பும் அடிபட்டிருந்தால்? அளவுகோலே வளைந்திருக்கும்போது கோடு நேராக வராது. "கெட்ட ஃபைல்கள் கிடைத்தன, ஆனால் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை" என்று எஸ்எஃப்சி முடிப்பது பெரும்பாலும் இதனால்தான். எந்த ஃபைல் என்று தெரிய வேண்டுமானால், விண்டோஸ் ஃபோல்டரில் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ் என்று போய், அங்குள்ள சிபிஎஸ் லாக் ஃபைலில் 'எஸ்ஆர்' என்ற குறி உள்ள வரிகளை மட்டும் தேடிப் படியுங்கள். மீதி வரிகள் நமக்குத் தேவையில்லை.

அந்தச் சேமிப்பையே சரிசெய்வது டிஸ்ம் என்ற இன்னொரு விண்டோஸ் கட்டளை. விண்டோஸ் 8 முதல் அதில் 'ரெஸ்டோர்ஹெல்த்' வசதி உண்டு. வழக்கமாக விண்டோஸ் அப்டேட் சர்வரிலிருந்து நல்ல நகல்களை இறக்கிக்கொள்ளும், ஆகவே நெட் வேண்டும். நெட் இல்லையென்றாலோ, அப்டேட் பகுதியே கெட்டிருந்தாலோ, அதே பதிப்பின் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் டிஸ்க்கின் ஒரே ஃபைல் வடிவம்) மவுண்ட் செய்து, அதாவது டிரைவ் போலத் திறந்து, அதிலுள்ள இன்ஸ்டால் விம் ஃபைலை மூலமாகக் காட்டலாம். ஓடும்போது சதவீதம் ஒரே இடத்தில் வெகுநேரம் அசையாமல் நிற்கும். பயந்துபோய் விண்டோவை மூடிவிடாதீர்கள். அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஆக, இரண்டில் எது என்பதைவிட எது முதலில் என்பதே சரியான கேள்வி. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் முதலில் டிஸ்ம், அப்புறம் எஸ்எஃப்சி. முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட். "ரிப்பேர் நிலுவையில் உள்ளது" என்ற செய்தி வந்தாலும் அதற்கும் ரீஸ்டார்ட்தான் முதல் மருந்து.

விண்டோஸே பூட் ஆகவில்லையென்றால் ரெகவரி திரையில் உள்ள கமாண்ட் பிராம்ப்டிலிருந்து எஸ்எஃப்சியை ஆஃப்லைனாக, அதாவது ஓடாமல் இருக்கும் அந்த விண்டோஸின் மீது ஓட்டலாம். அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும், வழக்கமான சி அங்கே டி ஆகியிருக்கலாம். நோட்பேட் என்று டைப் செய்து, ஃபைல் மெனுவில் ஓபன் கொடுத்தால் டிரைவ்கள் வரிசையாகத் தெரியும். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அந்த எழுத்தைக் கொடுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

சிஸ்டம் ரெஸ்டோர் பலரும் மறந்துவிட்ட வழி. கிராஷுக்கு முந்தைய ரெஸ்டோர் பாயிண்ட் (சிஸ்டத்தின் அன்றைய நிலையைச் சேமித்த பதிவு) இருந்தால், குறிப்பாக ஒரு டிரைவரோ அப்டேட்டோ வந்தபின் தொல்லை தொடங்கியிருந்தால், இதையே முதலில் முயல்வேன். உங்கள் டாக்குமெண்ட்களைத் தொடாது. அந்தத் தேதிக்குப் பின் போட்ட புரோகிராம்கள் போய்விடும். பல கணினிகளில் இந்த வசதி ஆஃப் ஆகியிருப்பதுதான் சங்கடம்.

டிஸ்மும் எஸ்எஃப்சியும் கைவிட்டால் என் தேர்வு ரிப்பேர் இன்ஸ்டால்தான். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்து செட்டப்பை ஓட்டி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்று சொன்னால், சிஸ்டம் ஃபைல்கள் எல்லாமே புதிதாக இறங்கும். மொழியும் எடிஷனும் ஒத்துப்போக வேண்டும், டிஸ்க்கில் போதிய இடம் வேண்டும். விண்டோஸுக்குள் நுழைய முடிந்தால் மட்டுமே இது நடக்கும். பலர் இதைத் தாண்டி நேராக ரீசெட்டுக்கு, அதாவது விண்டோஸைப் புதிதாக மறுபடி போடும் வழிக்குப் போவது எனக்கு வருத்தம்.

ரீசெட்டில் 'என் ஃபைல்களை வைத்திரு' என்று கொடுத்தாலும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் போய்விடும். எவை போயின என்ற பட்டியல் மட்டும் டெஸ்க்டாப்பில் இருக்கும். ரீசெட்தான் என்று முடிவானால் 'கிளவுட் டவுன்லோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளூர் வழி கணினியில் இருக்கும் அதே ஃபைல்களிலிருந்துதான் விண்டோஸை மறுபடி கட்டும். அவை கெட்டிருக்கும் என்ற சந்தேகத்தில்தானே இவ்வளவு தூரம் வந்தோம். 4 ஜிபிக்கு மேல் இறங்கும், நெட் அதற்குத் தாங்க வேண்டும்.

ஒரே ஒரு டிஎல்எல் காணோம் என்று செய்தி வந்தவுடன் ஏதோ ஒரு தளத்திலிருந்து அதை இறக்கி சிஸ்டம் ஃபோல்டரில் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஃபைலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று உங்களால் பார்க்க முடியாது. சிஸ்டத்தின் ஃபைல் என்றால் அதைத் தர டிஸ்மும் எஸ்எஃப்சியும் இருக்கின்றன. ஒரு புரோகிராமின் ஃபைல் என்றால் அந்தப் புரோகிராமையே மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்.