ஈரக் கைக்கு ஸ்வைப்பா, பட்டனா?

பாம்பன், மண்டபம் கரையில் மீன் இறங்கும்போதே ஏலக்கணக்கு பதிகிற ஆண்ட்ராய்டு ஆப். பட்டியலில் ‘நண்டு, 12 கிலோ’ என்று ஒரு வரி நிற்கிறது. அதை அழிக்க, விரலால் வரியைப் பக்கவாட்டில் இழுக்கிற ஸ்வைப் வைப்பதா, கண்ணுக்குத் தெரிகிற பட்டன் வைப்பதா? நாங்கள் வைத்தது பட்டன். இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஸ்வைப்புக்குப் பெருமை இல்லாமல் இல்லை. இடத்தை அடைக்காது, திரையில் இரண்டு மூன்று வரி கூடுதலாகத் தெரியும், பழகிய கைக்கு வேகம். ஒளிந்திருப்பதால் புதிதாக வருகிறவருக்குத் தெரியாது என்ற குறை எல்லாரும் சொல்வதுதான்.

முடிவு செய்வது தண்ணீர். தொடுதிரை விரலை அறிவது மின்தேக்க மாற்றத்தை, அதாவது விரல் பட்டதும் கண்ணாடிக்கு அடியில் தேங்கும் மின்னூட்டம் மாறுவதை வைத்து. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கண்ணாடியில் ஒரு சொட்டு நின்றால் விரலும் சொட்டும் சேர்ந்து ஒரே தொடுதலாகப் பரவும், சில நேரம் இரண்டாகப் பிரியும். பரவினால் தொடுபுள்ளி கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். 64 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவைச் சொல்லும் அலகு) உயரப் பட்டன், அதாவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், அதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்வைப்புக்கோ தடம் அறுபடாமல் ஓட வேண்டும். சொட்டில் தடம் அறுந்தால் வரி பழைய இடத்துக்கே திரும்பிவிடும்; பதிகிறவர் மறுபடி இழுப்பார், இந்த முறை வேகமாக.

அந்த வேகம்தான் ஆபத்து. பட்டியலில் ஸ்வைப் வைக்க ஆண்ட்ராய்டு தரும் ஐட்டம்டச்ஹெல்பர் என்ற நிரல் கருவியில் வரியின் பாதி அகலம் இழுத்தால்தான் ஸ்வைப் என்பது இயல்பு அளவு, 0.5. அதை 0.7 ஆக்கிவிட்டால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் விரல் வேகத்துக்குத் தனி வரம்பு இருக்கிறது. குறைந்த தூரத்தில் சுண்டினாலும் வரி போய்விடும். அந்த வரம்பையும் ஏற்ற வேண்டும். ஏற்றினால் காய்ந்த கைக்கே ஸ்வைப் கனமாகிவிடும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இன்னொரு தொல்லை: சைகை வழிசெலுத்தல் (பட்டன் இல்லாமல் விரலை இழுத்தே பின்செல்வது) போட்ட போனில் திரையின் இரு ஓரமும் ‘பின்செல்’ சைகைக்குப் போய்விட்டது. நம் ஸ்வைப்புக்கு அந்த ஓரத்தை விட்டுத்தரச் சொல்லி ஆப் விலக்கு கேட்கலாம்; ஓர் ஓரத்துக்கு 200 டிபி உயரம்தான் கிடைக்கும். நீளப் பட்டியலுக்கு அது எந்த மூலைக்கு?

பட்டனிலும் சிக்கல் உண்டு. சொட்டு ஒரு தட்டை இரண்டாக்கினால் ஒரே கூடை இருமுறை ஏறிவிடும். அரை வினாடிக்குள் வரும் இரண்டாம் தட்டைத் தள்ளிவிட வேண்டும். ‘நீக்கு’ பட்டனை ‘சேர்’ பக்கத்தில் வைக்கவே கூடாது, வரியின் மறுகோடிக்குத் தள்ளுங்கள். நீக்கியதைத் திரும்பப் பெற ஸ்நாக்பார் (திரையின் அடியில் சற்று நேரம் வந்து போகும் செய்திப் பட்டை) மட்டும் போதாது: அதன் நீண்ட அளவே 2.75 வினாடி, கூடையை இறக்கி நிமிர்வதற்குள் மறைந்துவிடும். வரியை மங்கலாக்கி, ‘திரும்பச் சேர்’ என்பதை அந்த இடத்திலேயே கணக்கு முடிக்கும்வரை நிறுத்துவது மேல்.

ஸ்வைப்பை முழுக்க ஒதுக்கவில்லை. நேற்று, இன்று என்று நாள் மாற்ற அது இருக்கிறது; தவறினாலும் எதுவும் அழியாது. பக்கத்தில் அம்புக்குறியும் உண்டு. தடம் பார்க்கிற சைகைக்கு ஒற்றைத் தட்டில் மாற்றுவழி வேண்டும் என்று டபிள்யூசிஏஜி 2.1 என்ற, எல்லாரும் பயன்படுத்தும்படி திரைகளை அமைப்பதற்கான வழிகாட்டி 2018 முதலே சொல்கிறது. ஐபோனில் இந்த ஈரச் சோதனையைச் செய்ததில்லை. மேலே சொன்னதெல்லாம் ஆண்ட்ராய்டுக்கு.

சோதனைக்கு ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆள் ஓய்வாகக் கிடைக்கிறாரே என்று அப்போது சோதித்தால் எல்லார் கையும் காய்ந்திருக்கும், ஸ்வைப் ஜெயித்துவிடும். வாளியில் கடல் தண்ணீரே எடுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். விரலை முக்கி, ஸ்வைப்பில் இருபது, பட்டனில் இருபது பதிவு, தவறியதை எண்ணுங்கள். பிறகு கையைக் கைலியில் ஒரு தடவை துடைத்துவிட்டு அதே இருபதும் இருபதும். கரையில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலைதான்.