உஸான் பஜார் அசாமியச் சாப்பாடு: கார் கேளுங்கள், வாத்து வேண்டாம்

குவாஹாத்தி உஸான் பஜாரில், காலையில் பிரம்மபுத்திரா மீன் விற்கும் படித்துறைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் 'படித்துறைக் கடை' என்றால் எல்லோருக்கும் புரியும். மதியச் சாப்பாடு மட்டும்தான். ஒரு மணிக்கு மேல் போனால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

சுவர்ப் பலகையில் எல்லாமே அசாமிய எழுத்து. படிக்கத் தெரியாதவர்கள் 'மீன் சாப்பாடு' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். வருவது ரோகு மசாலாக் குழம்பு. அது எந்த ஊரிலும் கிடைக்கும். 'ஒமிதார் கார்' இருக்கிறதா, 'மாசோர் டெங்கா' (புளிப்பு மீன் குழம்பு) இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டுக்காகத்தான் இவ்வளவு தூரம் வருவது.

பீம் கோல் என்ற விதை வாழையின் பழத்தோலைக் காயவைத்து, எரித்து, சாம்பலில் தண்ணீர் விட்டு வடித்தால் கிடைக்கும் தெளிவுதான் கார். அதை ஊற்றிச் சமைத்த பதார்த்தத்துக்கும் அதே பெயர். ஒமிதா என்றால் பப்பாளி. காய் நன்றாகக் குழைந்து, அங்கங்கே ஒரு துண்டு மட்டும் தெரியும் பதத்தில் இறக்கி, மேலே பச்சைக் கடுகெண்ணெய் ஒரு சுற்று விடுகிறார்கள். மஞ்சள் இல்லை, மிளகாய்ப்பொடி இல்லை. முதல் வாய்க்கு ஒன்றும் தெரியாது. நாலைந்து வாய்க்குள் பசி கிளம்பிவிடும். சில கடைகளில் சாம்பல் நீருக்குப் பதிலாகச் சமையல் சோடாவைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். அடிநாக்கில் சோப்பு வாடை நிற்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம். இங்கே அந்தத் தொல்லை இல்லை. சமையலறை வாசலில் பழுப்புத் தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் வரிசையாக இருக்கும், கை கழுவப் போகும்போது பாருங்கள். சில நாள் மீன் தலை போட்டும் கார் செய்வார்கள். சைவக்காரர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரை அழைத்துப் போனேன். சுத்த சைவம். ஆலு பிட்டிகாவைப் பார்த்ததும், "என்ன மாப்பிள்ளை, எண்ணெயைக் காய்ச்சாமலே ஊத்திட்டாங்களே?" என்றார். வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்து, பச்சை வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, கடுகெண்ணெய் சேர்ப்பதுதான் பிட்டிகா. அடுப்பு வேலை கிழங்கோடு முடிந்தது. முகம் சுளித்தவர் அப்புறம் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். மீனுக்குப் பதில் அவருக்குப் போர் டெங்கா வந்தது. மசூர் பருப்பு உருண்டைகளைப் பொரித்துப் புளிப்புச் சாற்றில் போட்டது. நம் ரசம் மாதிரி நினைத்துக்கொண்டு அதை எடுத்துக் கார் சோற்றின் மேலேயே ஊற்றப் போனார். பரிமாறிய பாய்தேவ் (மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) சட்டென்று கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டார். கார் முதலில், டெங்கா கடைசியில். இரண்டையும் கலப்பது இங்கே வழக்கமில்லை.

மாசோர் டெங்கா நீர்க்கத்தான் இருக்கும், எண்ணெய் மிதக்காது. புளிப்புக்குப் பருவத்துக்கு ஏற்றபடி தக்காளி, காய்ந்த தெகெரா (குடம்புளி வகை), ஔ டெங்கா என்ற புளிப்புக் காய் என்று மாற்றுகிறார்கள். எனக்குத் தெகெராதான் பிடித்தது. தக்காளி போட்ட அன்று கொஞ்சம் சப்பென்று இருந்தது. தட்டின் ஓரத்தில் காஜி நேமு ஒரு துண்டு வைப்பார்கள். நீளமான, விதையே இல்லாத எலுமிச்சை. புவிசார் குறியீடு வாங்கியது, 2024இல் அசாம் அரசு இதை மாநிலப் பழமாகவே அறிவித்தது. பருப்பில் பிழிந்து பாருங்கள். டெகியா ஹாக் என்ற சுருள் பெரணிக் கீரை, ஜோஹா அரிசிச் சோறு இரண்டும் சரி. மேசையில் இருக்கும் பூத் ஜொலோக்கியா ஊறுகாயில் மட்டும் வீரம் காட்ட வேண்டாம். 2007இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது அது.

குறை என்றால் வாத்துதான். பூசணிக்காய் போட்ட வாத்துக் கறி இங்கே விசேஷ நாள் சாப்பாடு. ஆசையாகக் கேட்டேன், வந்தது ரப்பர். பூசணி மட்டும் கரைந்து கிடந்தது, கறி பல்லில் மாட்டியது, விலையோ மீன் சாப்பாட்டைப் போல இரண்டு மடங்கு. சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, தட்டு. வெண்கலப் பாத்திரத்துக்குப் பேர்போன சர்த்தேபாரி ஊர்த் தட்டு ஞாயிறு மட்டும்தான் வெளியே வருகிறது, மற்ற நாளில் எவர்சில்வர்.

சைவச் சாப்பாடு 180 ரூபாய், மீன் 260. சோறும் காரும் கேட்கக் கேட்கப் போடுகிறார்கள், டெங்கா ஒரு கிண்ணம்தான். கடைசியில் பில்லோடு தாமோல் வரும். பச்சைப் பாக்கு, கொஞ்ச நேரத்தில் காது சூடாகி வியர்த்துவிடும். பழக்கமில்லாதவர்கள் கால் துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.