காமிக்ஸ் பக்கமா, அனிமேஷன் திரையா?

காமிக்ஸில் நேரம் வாசகர் கையில். அனிமேஷனில் இயக்குநர் கையில். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

ஒரு குத்தைக் காமிக்ஸ் மூன்றே கட்டங்களில் முடித்துவிடும்: ஓங்கிய கை, 'டமால்', விழுந்தவன். இடைப்பட்ட அசைவை வாசகரே மனசுக்குள் ஓட்டிக்கொள்வார். அனிமேஷனில் அதை வரைந்தே நிரப்ப வேண்டும். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படச்சட்டங்கள் ஓடும்; ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 12 படங்கள். அதனால்தான் காமிக்ஸின் நுண்கோட்டு நிழல் இங்கே எடுபடாது: படத்துக்குப் படம் கோடு இம்மி நகர்ந்தாலும் திரையில் புழு நெளிவதுபோல் தெரியும். கோட்டைக் குறைத்து, நிழலைத் தட்டை நிறமாக்கிவிடுவார்கள்.

வசனத்தையும் அப்படியே தூக்கி வைக்க முடியாது. குத்து விழும் கணத்தில் காமிக்ஸ் நாயகன் வசன பலூனில் நாலு வரி பேசலாம்; அதற்கே குரல் கொடுத்தால் சண்டை அந்தரத்தில் நிற்கும். பக்கம் திருப்பியதும் வரும் அதிர்ச்சிக்கு மட்டும் திரையில் சரியான ஈடு கிடையாது. ஒரு காட்சியிலிருந்து சட்டென அடுத்ததுக்குத் தாவும் 'கட்' அதைக் கொஞ்சம் நெருங்கும், அவ்வளவுதான்.