ரெண்டு பேருக்கு ஒரு பட்டியல்: சின்னக் கடைகளைத் தேடிச் சாப்பிட்ட அனுபவம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். செல்போனில் இருக்கும் வரைபடச் செயலியின் ஸ்டார்களை மட்டும் நம்பி ஊருக்குள் சாப்பிடக் கடை தேடினால் மோசம் போக மாட்டீர்கள். பெரிதாக எதுவும் கிடைக்கவும் கிடைக்காது. அதே செயலியில் சொந்தமாக ஒரு பட்டியல் போட்டு, கணவனும் மனைவியும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி வந்தால், கொஞ்ச காலத்தில் அதைவிட நல்ல வழிகாட்டி உங்களுக்கு வேறு தேவைப்படாது. நானும் வீட்டுக்காரரும் பல வருடங்களாக இப்படித்தான் ஓட்டுகிறோம். மேசைவிரிப்பு போட்ட பெரிய உணவகங்களைப் பற்றி இங்கே பேசவில்லை. முன்பதிவு இல்லாமல் போனோமா, சாப்பிட்டோமா, வந்தோமா என்றிருக்கிற சின்னக் கடைகள், தள்ளுவண்டிகள், சந்தைக்குள் நாலு பெஞ்சு போட்ட இடங்கள் பற்றித்தான்.

ஸ்டாரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு கடைக்கு 4.3 என்று போட்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? ரொம்பப் பிடித்தவர்கள் எழுதுகிறார்கள், கோபத்தில் கொதிப்பவர்கள் எழுதுகிறார்கள். "பரவாயில்லை" என்று கையைக் கழுவிவிட்டுப் போகிறவர்கள் எழுதுவதே இல்லை. அதனால் கடைகளெல்லாம் நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் வந்து குவிந்துவிடுகின்றன. 4.2-க்கும் 4.4-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது எங்கள் அனுபவம். எத்தனை பேர் போட்டது என்பதைப் பார்ப்பது அதைவிட உபயோகம். 4.9 என்று போட்டது பத்தே பேர் என்றால், அவர்கள் கடைக்காரரின் சொந்தக்காரர்களாகக்கூட இருக்கலாம். ஆயிரம் பேர் போட்ட 4.2-ஐ அவ்வளவு சுலபத்தில் தயார் செய்ய முடியாது.

தயார் செய்வது என்று சும்மா சொல்லவில்லை. லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர், தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசர் என்ற விமர்சனத் தளத்தில் பதிந்து, தெரிந்தவர்களை வைத்துப் பொய்யாக விமர்சனம் எழுத வைத்தார். 2017 நவம்பரில் அந்த இல்லாத உணவகம் லண்டனிலேயே முதலிடத்துக்கு வந்தது. இன்னொரு பக்கம் கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களின் வருமானக் கணக்கையும் யெல்ப் என்ற விமர்சனத் தளத்தின் ஸ்டார்களையும் பொருத்திப் பார்த்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு ஸ்டார் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடுகிறது என்று அதில் வந்தது. ஒரே பெயரில் பல கிளைகள் நடத்தும் சங்கிலிக் கடைகளுக்கு இந்தப் பாதிப்பு இல்லை, தனியாக நடத்தப்படும் கடைகளுக்குத்தான். பில்லோடு சேர்த்து "அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போங்க" என்று ஒருவர் கெஞ்சினால் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். பாவம்தான், ஆனாலும் சாப்பிட்டு முடிக்கும் முன்னால் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

அப்படியானால் எதைப் படிப்பது? நாங்கள் மூன்று ஸ்டார் போட்டவர்களைத் தேடிப் போய்ப் படிக்கிறோம். அவர்கள்தான் எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று இரண்டையும் எழுதுவார்கள். வரிசையைப் "புதியது முதலில்" என்று மாற்றிக்கொள்வதும் அவசியம். சின்னக் கடையில் சமையல்காரர் ஒருவர் மாறினால் கடையே மாறிவிட்ட மாதிரி. மூன்று வருடத்துக்கு முன்னால் கிடைத்த புகழுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படங்களில், கடைக்காரர் போட்டதை விட்டுவிட்டு வாடிக்கையாளர் எடுத்த மங்கலான படங்களைப் பார்க்கிறோம். அதில் தட்டின் அளவு தெரியும், மேசை தெரியும், பின்னால் உட்கார்ந்திருப்பவர் எந்த மாதிரி முகத்தோடு சாப்பிடுகிறார் என்பதுகூடத் தெரியும்.

இப்போது ரெண்டு பேர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எந்தச் செயலியும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. விமர்சனம் எழுதுகிறவர் ஒருவர். சாப்பிடப் போகிறவர்கள் நாங்கள் இருவர். வீட்டுக்காரருக்கு ருசி இருந்தால் போதும், நின்றுகொண்டே சாப்பிடுவார், ஆனால் காத்திருக்க மாட்டார். எனக்குக் காத்திருப்பதில் கஷ்டம் இல்லை, சத்தம்தான் ஆகாது. ஆரம்பத்தில் இருவரும் ஐந்துக்கு மார்க் போட்டுச் சராசரி எடுத்தோம். அது சரிப்படவில்லை. அவர் 5, நான் 2 என்றால் சராசரி 3.5. அவர் 3, நான் 4 என்றாலும் அதே 3.5. முதல் கடையிலிருந்து ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவார். இரண்டாவது கடையிலிருந்து இருவரும் பேசிக்கொண்டே நடந்து வருவோம். அதனால் சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டில் குறைந்த மார்க் எதுவோ அதுதான் கடையின் மார்க் என்று வைத்துக்கொண்டோம். இந்த ஒரு மாற்றத்துக்கு அப்புறம் பட்டியலின் மேல்வரிசையே தலைகீழாகிவிட்டது. அவருடைய ஐந்து மார்க் கடைகளுக்கு அவர் இப்போது நண்பர்களோடு போகிறார். யாருக்கும் நஷ்டம் இல்லை.

மார்க் போடுவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வாய் திறப்பதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். ஒருவர் "ஆஹா" என்று சொல்லிவிட்டால் மற்றவர் மார்க் தானாக ஏறிவிடும், "என்னத்தச் சொல்ல" என்றால் இறங்கிவிடும். கை கழுவிவிட்டு வந்ததும் அவரவர் போனில் எழுதிவிடுவோம், அப்புறம்தான் பேச்சு.

பட்டியல் போடுவது ஒன்றும் புது யோசனை இல்லை. அமெரிக்காவில் டங்கன் ஹைன்ஸ் என்ற விற்பனைப் பிரதிநிதி, வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றியவர், மனைவி ஃபுளோரன்ஸோடு சாப்பிட்ட நல்ல இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். கேட்பவர்கள் தொல்லை தாங்காமல் 1935 கிறிஸ்துமஸுக்கு 167 இடங்களை அச்சடித்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார். அடுத்த வருடமே அது புத்தகமாகிவிட்டது. 1979-இல் நியூயார்க்கில் டிம் ஜகாட், நீனா ஜகாட் என்ற வழக்கறிஞர் தம்பதி, உணவகங்களைப் பற்றி நண்பர்களிடம் கருத்துக் கேட்டுத் தொகுக்க ஆரம்பித்தார்கள். அந்த ஜகாட் கையேட்டை 2011-இல் கூகுள் வாங்கி, 2018-இல் விற்றும்விட்டது. எனக்கு அதில் பிடித்தது அவர்கள் மார்க் போட்ட விதம். சாப்பாட்டுக்குத் தனியாக 30-க்கு, இடத்தின் அலங்காரத்துக்குத் தனியாக, உபசரிப்புக்குத் தனியாக. ஒரே ஸ்டாருக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கலக்கியதில் நாம் தொலைத்தது இதைத்தான். சாப்பாடு பிரமாதமாக இருந்து, பரிமாறியவர் சிடுசிடுத்ததற்காக ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறவரின் கோபமும் அந்த 4.1-க்குள்தான் கரைந்து கிடக்கிறது.

எங்கள் குறிப்புகளில் மார்க்கைவிட வார்த்தைகள்தான் வேலை செய்கின்றன. "சூப்பர்", "சுமார்" என்று எழுதியவை எல்லாம் வீண். ஆறு மாதம் கழித்துப் படித்தால் எதுவும் ஞாபகம் வராது. எதை வாங்க வேண்டும், எதை வாங்கவே கூடாது, எந்த மூலையில் உட்கார்ந்தால் காற்று வரும், வார விடுமுறை எது, எத்தனை மணிக்கு மேல் நல்லது தீர்ந்துவிடும், சில்லறை வேண்டுமா, கை கழுவும் இடம் எப்படி. இப்படி எழுதியவை திரும்பத் திரும்ப உதவுகின்றன. தேதியும் போட வேண்டும். நாங்கள் பயன்படுத்தும் செயலியில் ஓர் இடத்துக்கு ஒரு குறிப்புப் பெட்டிதான் என்பதால் அவரவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டு எழுதுகிறோம். செயலியை அமைத்தவர்களுக்கு ஒரு கடைக்கு ரெண்டு கருத்து இருக்கும் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது.

வாங்கும் விதமும் மாறியிருக்கிறது. புதுக் கடைக்குப் போனால் இருவரும் ஒரே பதார்த்தம் வாங்குவதில்லை. ரெண்டு வாங்கி, பாதியில் தட்டை மாற்றிக்கொள்கிறோம். சாப்பிடச் சாப்பிட அந்தப் பதார்த்தத்தின் மேல் ஆசை குறையும், சாப்பிடாததன் மேல் அவ்வளவாகக் குறையாது என்பதை பார்பரா ரோல்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1981-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி தெரியாமலேயே நாங்கள் இதைச் செய்துகொண்டிருந்தோம். தெரிந்த பிறகு என் தட்டில் கை வைப்பதற்கு அவருக்கு அறிவியல் ஆதாரமும் கிடைத்துவிட்டது.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளப்பார்கள்; சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல். சுற்றிலும் அதற்கு மேல் போனால் நாமும் குரலை உயர்த்துவோம், பக்கத்து மேசைக்காரரும் உயர்த்துவார், அதைக் கேட்டு நாம் இன்னும் உயர்த்துவோம். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் இதை எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் இதை அழைக்கிறார்கள். சின்னக் கடைகளில் தரையும் டைல்ஸ், சுவரும் டைல்ஸ், முன்னால் கண்ணாடி. உறிஞ்சிக்கொள்ள ஒரு துணிகூட இருக்காது. அதனால் நிரம்பி வழியும் நேரத்தில் அங்கே நிம்மதியாகப் பேச முடியாது. ஆச்சரியமாக, தள்ளுவண்டிப் பக்கம் தெருச்சத்தம் இருந்தாலும் பேச்சு நன்றாகக் கேட்கிறது. சுவரே இல்லையே, எதிரொலிக்க என்ன இருக்கிறது? விமர்சனங்களில் சத்தத்தைப் பற்றி யாராவது ஒருவர் எழுதியிருந்தால்கூட நான் அதை நம்பிவிடுவேன்.

சரி, கூட்டம் இல்லாத நேரமாகப் போகலாமே என்றால் அதில் ஒரு சிக்கல். கூட்டம் இல்லாதபோது சமைத்தது அப்படியே இருக்கும். சூடாக வைத்திருக்கும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், சமைத்ததை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. கடையில் தெர்மாமீட்டரை நீட்டிப் பார்க்க முடியுமா என்ன? ஆவி பறக்கிறதா, கண்ணெதிரே அடுப்பிலிருந்து எடுக்கிறார்களா, காசு வாங்கும் கையும் பரிமாறும் கையும் வேறு வேறா என்று பார்ப்பதோடு சரி. எந்த நேரத்தில் கூட்டம் என்று கூகுள் மேப்ஸ் கட்டம் போட்டுக் காட்டுகிறது. தங்கள் இருப்பிடத்தைப் பகிரச் சம்மதித்தவர்களின் தகவலைப் பெயரில்லாமல் சேர்த்துக் கணக்கிடுவது அது. அந்தக் கட்டம் ஏற ஆரம்பிக்கும் இடத்தில் போவதுதான் எங்கள் வழக்கம். அப்போது அடுப்பு சூடாகியிருக்கும், இடமும் இருக்கும், என் காதும் தப்பிக்கும்.

புதுசா, பழசா என்ற சண்டை எல்லா வீட்டிலும் இருக்கும். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன்கூட ஒரு முறை உணவகத்தில் உட்கார்ந்துகொண்டு, பிடித்ததையே வாங்குவதா, புதிதாக ஒன்றை முயல்வதா என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதன் சாரம், இன்னும் எத்தனை தடவை சாப்பிட வரப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் என்பது. நிறைய வாய்ப்பு மிச்சம் இருந்தால் புதுசைத் தேடுவது லாபம். ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறவர் பிடித்த கடைக்கே போய்விட வேண்டியதுதான். நாங்கள் எங்கேயும் போகப்போவதில்லை என்பதால் மூன்றுக்கு ஒன்று புதுசு என்று வைத்திருக்கிறோம். இருவரில் ஒருவர் களைத்திருந்தாலோ நல்ல பசியில் இருந்தாலோ புதுக் கடை கிடையாது. பசியோடு புது இடம் தேடி அலைந்த நாட்களில்தான் எங்களுக்குள் பெரும்பாலான சண்டைகள் வந்திருக்கின்றன.

குறைகளும் உண்டு. தள்ளுவண்டிகள் பெரும்பாலும் வரைபடத்தில் இருப்பதே இல்லை. நாமே புள்ளி வைத்துச் சேமித்துக்கொள்ள வேண்டும், வண்டி இடம் மாறினால் புள்ளி அநாதையாக நிற்கும். மூடிப்போன கடை மாதக்கணக்கில் "திறந்திருக்கிறது" என்றே காட்டும். பட்டியல் நீளமாகிவிட்டால் அதுவும் ஒரு பாரம். நாங்கள் குறைந்த மார்க் 2 வாங்கிய கடைகளை நீக்காமல் தனிப் பட்டியலுக்கு மாற்றிவிட்டோம், மறந்துபோய் மறுபடி போய்விடாமல் இருக்க.

நண்பர்கள் பட்டியலைக் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கிறோம், ஆனால் மார்க்கை எடுத்துவிட்டுக் குறிப்புகளை மட்டும். அவை எங்கள் ரெண்டு பேர் காதுக்கும் நாக்குக்கும் போட்ட மார்க். உங்கள் வீட்டில் சத்தம் பிடித்தவரும் காத்திருக்கப் பொறுமை உள்ளவரும் இருந்தால் நாங்கள் 2 போட்ட கடைதான் உங்களுக்கு முதலிடமாக வரும்.