வெள்ளவத்தையில் ஒரு வாளி டோஃபு

தோஹாவில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த அக்கா பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தவர். மாதக் கடைசியில் காசு இறுகினால் அவர் சமைப்பது கினிசாங் தோகே. பயற்றம்முளையும், சோயாப்பாலைத் திரைத்துச் செய்யும் டோஃபுக் கட்டியும் போட்டு வதக்கிச் சோற்றோடு சாப்பிடுவோம். முளைக்கு அவர் சொல்லும் பெயர் தோகே, டோஃபுவுக்குத் தோக்வா. இரண்டுமே ஹொக்கியன் என்ற சீன மொழி பேசுபவர்களிடமிருந்து அவர்களுக்கு வந்த சொற்கள்.

கொழும்புக்குத் திரும்பி இரண்டு வருடமாக அந்த ருசிக்கு அலைந்தேன். ஒரு சுப்பர் மார்க்கெட்டில் வாங்கிய டோஃபு தாச்சியில் விழுந்ததும் உதிர்ந்து புட்டுமா மாதிரி ஆனது. இன்னொரு கடை முளை, பையைத் திறக்கும்போதே புளித்து மணத்தது.

போன மாதம்தான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இந்தச் சின்ன மரக்கறிக் கடையைக் கண்டேன். பெயர்ப்பலகை இல்லை. வாசலில் மூடி போட்ட வெள்ளை வாளி, அதற்குள் தண்ணீரில் டோஃபுக் கட்டிகள். ஒன்றை விரலால் அழுத்தினேன். அமிழ்ந்து உடனே எழும்பியது. பக்கத்துக் கூடையில் முளை, விரல் நீளம், வெள்ளை வெளேரென்று. ஒரு தண்டை ஒடித்தால் 'டிக்' என்று சத்தம்.

"இண்டைக்குக் காலமை வந்தது தங்கச்சி, இண்டைக்கே சமையுங்கோ" என்றார் கடை அண்ணை.

சமைத்தேன். டோஃபுவைத் துணியில் சுற்றி, மேலே தண்ணீர்ப் பானையை வைத்து அரைமணி நேரம் விட்டேன். துணி நனைந்து சொட்டியது. பிறகு துண்டு போட்டு, நாலு பக்கமும் பொன்னிறமாகும்வரை பொரித்தேன். ஒரு மூலைகூட உடையவில்லை. அதை எடுத்துவிட்டு அதே எண்ணெயில் உள்ளி, வெங்காயம், தக்காளி. தக்காளி நன்றாகக் கரைய வேண்டும், கினிசா என்பதே இந்த வதக்கல்தான். அப்புறம் மெல்லிசாக வெட்டிய கரட். கடைசியில் நெருப்பைக் கூட்டி முளை, இரண்டே நிமிடம். அதற்கு மேல் விட்டால் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். டோஃபுவைத் திரும்பப் போட்டு ஒரு புரட்டு, மிளகுதூள், இறக்கியாயிற்று. அக்கா இறாலும் பாதிஸ் என்ற மீன் சாறும் சேர்ப்பார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி, அதனால் உப்பும் கொஞ்சம் சோயா சோஸும் மட்டும். மீன் சாற்றின் ஆழம் அதில் வராது, உண்மை. ஆனால் தக்காளிப் புளிப்பு தூக்கலாகத் தெரிந்தது, எனக்கு அது பிடித்தது.

பயற்றை அவித்துத் தேங்காய்ப்பூ போட்டே சாப்பிட்டுப் பழகிய அம்மா, "வாலோடயே சாப்பிடுறது?" என்று கேட்டார். பிறகு சோறு இன்னொரு அகப்பை போடச் சொன்னார்.

டோஃபுவுக்காக இந்தக் கடைக்குத் தயங்காமல் போகலாம். வீட்டில் தண்ணீர் மாற்றி மாற்றிக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தேன், மூன்றாம் நாளும் நன்றாக இருந்தது. முளை விஷயத்தில் கவனம். ஒருநாள் பின்னேரம் போனபோது கூடையின் அடியில் கிடந்தது பழுப்பேறியிருந்தது, விலையோ காலையில் சொன்ன அதே விலை. பத்து மணிக்கு முன் போங்கள், கையோடு ஒரு மூடிப்பாத்திரமும் கொண்டுபோங்கள். டோஃபுவை அந்தத் தண்ணீரோடேயே ஊற்றித் தருவார்.