வயதான பெற்றோருக்கு எது சரி: சொந்த வீடா, பிள்ளை வீடா, சீனியர் லிவிங்கா, ஹோமா?

பெரும்பாலான குடும்பங்களில் இந்தப் பேச்சு ஆரம்பிப்பதே ஆஸ்பத்திரி வராண்டாவில்தான். அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனும் முடிந்து, "நாளைக்கு டிஸ்சார்ஜ், வீட்டில் பார்த்துக்க ஆள் இருக்கா?" என்று நர்ஸ் கேட்ட பிறகுதான் அண்ணன் தம்பி அக்கா எல்லாரும் போனில் கூடி முடிவெடுக்கிறார்கள். அந்த நேரத்தில் யாருக்கு லீவு இருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு அமையும். அப்பாவுக்கு என்ன விருப்பம் என்று கேட்க அப்போது நேரமும் இருக்காது, பதில் சொல்லும் நிலையில் அவரும் இருக்கமாட்டார். அதனால் அப்பா அம்மா இருவரும் நன்றாக நடமாடும் 65, 70 வயதிலேயே உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

பெற்றோர் பெரும்பாலும் கேட்பது சொந்த வீட்டைத்தான். தானாகக் கழிவறைக்குப் போய் வர முடிகிற வரைக்கும் நானும் அதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். பால்காரர், மருந்துக் கடைக்காரர், பக்கத்து வீட்டு அக்கா, சாயங்காலம் போய் உட்காரும் கோயில் பிராகாரம், இவையெல்லாம் வேறு எங்கே போனாலும் கிடைக்காது. இதில் முதலில் கைவிடுவது மனிதர்கள் இல்லை, வீடுதான். நம் பழைய வீடுகளில் கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் மூன்று படி இறங்கி ஈரத் தரையில் நடக்க வேண்டும். படுக்கையறைக்குப் பக்கத்திலேயே ஒரு கழிவறை, உயரமான கமோடு, சுவரில் கைப்பிடி, சொரசொரப்பான டைல்ஸ், ராத்திரி முழுக்க எரியும் ஒரு சின்ன பல்பு, இவற்றை முதலில் செய்யுங்கள். பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால் விழுந்தவர் அதை அடைத்துக்கொண்டு கிடப்பார், உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். தாழ்ப்பாளும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் இந்த வழிக்குத் துணையாக 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை, பிசியோதெரபி, வலி தணிக்கும் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வரும், பெயரைப் பதிந்து வையுங்கள். 70 வயது தாண்டியவர்களுக்கு வங்கிகள் வீடு தேடி வந்து சேவை செய்ய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. முதியோர் உதவி எண் 14567-ஐயும் போனில் சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.

சிக்கல் வருவது ஆள் வைக்கும்போதுதான். ஏஜென்சி வழியாக 24 மணி நேர ஆள் என்றால் சென்னையில் மாதம் 20,000 ரூபாய்க்கு மேல்தான் ஆகும், அதுவும் ஒரே ஆள் என்றால் ராத்திரி அவரும் தூங்கத்தான் செய்வார். படுத்த படுக்கையானவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். எனவே பேசி முடிப்பதற்கு முன், வரும் ஆளிடம் உங்கள் கண்ணெதிரே பெரியவரை ஒருமுறை தூக்கி உட்காரவைக்கச் சொல்லுங்கள், பழகிய கையா இல்லையா என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டால் யார் வருவார் என்பதையும் ஏஜென்சியிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். உள்ளூரில் வாரம் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் எட்டிப் பார்க்க ஒரு சொந்தக்காரர் இல்லையென்றால் இந்த வழி நிலைக்காது.

அடுத்து, பிள்ளை வீடு. கண் முன்னால் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி பக்கம், பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம், எல்லாம் சரி. ஆனால் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பத்தாவது மாடியில், காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை அம்மா தனியாகத்தான் இருப்பார். ஊரிலாவது திண்ணையில் உட்கார்ந்தால் யாராவது இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். "எங்க வீட்டில் வச்சுக்கறேன்" என்று சபையில் சொல்வது பெரும்பாலும் மகன், ஆனால் டயப்பர் மாற்றுவது மருமகள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கேட்டு, மனதார ஒத்துக்கொண்ட பிறகு முடிவெடுங்கள். கூட வைத்துக்கொள்ளாத பிள்ளைகள் மாதாமாதம் இவ்வளவு என்று ஒரு தனிக் கணக்கில் போட வேண்டும், வருஷத்தில் சில வாரங்கள் வந்து பொறுப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவும் வேண்டும். மகள் வீட்டில் தங்குவதா என்று இன்னும் தயங்குபவர்கள் உண்டு. 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் மகன், மகள் இருவருக்கும் ஒரே கடமைதான். வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில், விசிட்டர் விசாவை நீண்ட காலத் திட்டமாக நினைக்காதீர்கள். அமெரிக்கா என்றால் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 6 மாதம்தான்.

ஆளுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்துப் பார்ப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பிள்ளைகளுக்கு அது நியாயமான பங்கீடாகத் தெரியும், பெற்றோருக்கோ எந்த வீடும் தன் வீடாகாது. ஒவ்வொரு ஊரிலும் வேறு டாக்டர், ஒரே மாத்திரை இரண்டு பெயரில் உள்ளே போகும். மறதி நோய் தொடங்கியவருக்கு மாதம் ஒருமுறை கழிவறை இருக்கும் திசையே மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா ஒரு வீட்டில், அம்மா இன்னொரு வீட்டில் என்று பிரிப்பது இதைவிடக் கொடுமை. அதைச் செய்யாதீர்கள்.

சீனியர் லிவிங், அதாவது சாப்பாடு வசதியோடு முதியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு, இப்போது நடுத்தர வர்க்கத்திலும் பேசப்படுகிறது, கோயம்புத்தூரைச் சுற்றி நிறைய இருக்கின்றன. என் பெரியம்மா அப்படி ஓர் இடத்தில்தான் இருக்கிறார். சமைக்கிற பாரம் போய்விட்டது, காலையில் ஒரு கூட்டத்தோடு நடக்கிறார், பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடுவதும், சாம்பார் எல்லாருக்கும் ஒத்துவரவேண்டும் என்று உப்புக் காரம் குறைந்து வருவதும் அவருக்குப் பழகச் சில மாதம் பிடித்தது. கொஞ்சம் பணமும் ஓரளவு தெம்பும் உள்ள தம்பதிக்கு இது பிள்ளை வீட்டைவிட நல்ல தேர்வு என்பது என் கருத்து. ஆனால் பிரோஷரில் இருக்கும் தோட்டத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். படுக்கையில் விழுந்தால் இங்கேயே பார்ப்பார்களா, நாம்தான் தனியாக ஆள் வைக்க வேண்டுமா? இருவரில் ஒருவர் போன பிறகு மற்றவரின் கட்டணம் என்ன? மெயின்டனன்ஸ் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? விற்கவேண்டும் என்றால் யாருக்கு விற்கலாம்? இத்தனைக்கும் ஒப்பந்தத்தில் எழுத்தில் பதில் இருக்கவேண்டும். வாங்குவதற்கு முன் வாடகைக்கு ஓரிரு மாதம் இருந்து பார்ப்பதுதான் நல்லது.

ஹோம் என்றாலே "ஊர் என்ன சொல்லும்" என்று ஒதுக்குகிறோம். முற்றிய மறதி நோய், டியூப் வழியே உணவு, ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் நிலை, இவற்றை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் பார்ப்பவரும் சேர்ந்து படுத்துவிடுவதைவிட, பயிற்சி பெற்ற ஆட்கள் உள்ள ஒரு நல்ல பராமரிப்பு இல்லம் மேல் என்றுதான் சொல்வேன். பார்க்கப் போகும்போது ஆபீஸ் ரூமில் உட்காராமல் படுக்கைகள் இருக்கும் அறைக்குப் போங்கள். மூத்திர வாடை அடிக்கிறதா, பெட்ஷீட் உலர்ந்திருக்கிறதா, தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்று கேளுங்கள். எந்த நேரமும் வந்து பார்க்க அனுமதி இல்லாத இடம் வேண்டாம்.

எந்த வழியானாலும் காசு வேண்டும். தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் ஆனது, வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். மருத்துவக் காப்பீடு எடுக்க இருந்த 65 வயது வரம்பு 2024-இல் நீங்கிவிட்டது. ஆனாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டைப் பிள்ளை பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கையேந்தும் பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருக்கும்வரை உயில் போதும். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கவேண்டும். முன்பு சொன்ன 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்ய அந்த நிபந்தனை தேவை என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு பெற்றோர் பக்கம் தாராளமாகப் பார்த்தது, இருந்தாலும் வரியாக எழுதியிருப்பதுதான் பாதுகாப்பு.

பவர் ஆஃப் அட்டர்னி வாங்கி வைத்திருக்கிறோம், போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கொடுத்தவருக்குச் சுயநினைவு தவறிவிட்டால் நம் சட்டப்படி அது செல்லாது. அம்மாவின் டெபாசிட்டை அம்மாவின் சிகிச்சைக்கே எடுக்கக் கோர்ட்டுக்கு அலையவேண்டி வரும். வங்கிக் கணக்கை இப்போதே கூட்டுக் கணக்காக்கி, இருவரில் யாரும் இயக்கும்படி மாற்றிவையுங்கள். அப்புறம், கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற முன்விருப்ப ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று போதும். இதை எப்படிக் கேட்பது என்று தயங்கவேண்டாம். "என்னை டியூப் போட்டுக் கிடத்திடாதீங்க" என்று பல பெரியவர்கள் தாங்களாகவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அடுத்த முறை சொல்லும்போது பேப்பரை எடுத்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.